வெள்ளிக் கோளில் உயிர் ஏன் இல்லை? வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த அறிவியல் கேள்விகளில் பெரும்பகுதி வெள்ளிக் கோளைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு சொற்களில் எழுப்பியிருந்ததால், அவற்றை இணைத்துச் சில கேள்விகளாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: பூமியும் வெள்ளியும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள கோள்கள் என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, இங்கே உயிர் செழித்ததும் அங்கே ஒன்றும் இல்லாமற்போனதும் எதனால்? வெள்ளி சூரியனுக்குச் சற்று அருகில் இருப்பது மட்டும்தான் காரணமா? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: அளவில் இரண்டும் நெருங்கியவைதான். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர், வெள்ளியின் விட்டம் 12,104 கிலோமீட்டர். நிறையில் வெள்ளி பூமியின் 81.5 விழுக்காடு. பூமியில் 60 கிலோ எடை காட்டும் ஒருவர் அங்கே எடை பார்த்தால் சுமார் 54 கிலோ காட்டும். ஒற்றுமை அத்தோடு முடிந்துவிடுகிறது. வெள்ளியின் தரையில் வெப்பநிலை சுமார் 465 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் நம்முடையதைப் போல ஏறத்தாழ 92 மடங்கு, அதாவது கடலுக்குள் 900 மீட்டருக்கும் கீழே இருப்பது போன்ற அழுத்தம். ஈயம் 327 டிகிரியிலும் துத்தநாகம் 420 டிகிரியிலும் உருகிவிடும். 1982 மார்ச்சில் அங்கே இறங்கிய சோவியத் நாட்டின் வெனேரா 13 கலம் 32 நிமிடங்கள் செயல்பட்டால் போதும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. அது 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்ததையே பெரிய சாதனையாகக் கொண்டாடினார்கள்.

அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் உயரும் என்பதால், 92 மடங்கு அழுத்தத்தில் அங்கே நீர் திரவமாகவே இருக்கக்கூடாதா என்று வேறொரு வாசகர் கேட்டிருந்தார். சிந்தித்துக் கேட்ட கேள்வி. ஆனால் அந்த அழுத்தத்திலும் நீர் சுமார் 305 டிகிரியில் கொதித்துவிடும். அதைவிட முக்கியம், வெப்பநிலை 374 டிகிரியைத் தாண்டிவிட்டால் எவ்வளவுதான் அழுத்தினாலும் நீரைத் திரவ நிலைக்குக் கொண்டுவர முடியாது. பூமியில் நாம் அறிந்த உயிர்களில் மிகக் கூடுதலான வெப்பத்தில் பெருகக்கூடியது, இந்தியப் பெருங்கடலின் அடியிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து எடுக்கப்பட்ட மெத்தனோபைரஸ் கண்ட்லெரி என்ற நுண்ணுயிர் வகை; அதன் எல்லை 122 டிகிரி. வெள்ளியின் தரை அதைவிட முந்நூறு டிகிரிக்கும் மேல் சூடானது. புரதமோ மரபணு மூலக்கூறோ அங்கே நொடிப்பொழுதும் நிலைக்காது.

இனி, சூரியனின் அருகாமை பற்றி. சூரியனிலிருந்து பூமி சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் வெள்ளி 10.8 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. ஆகவே வெள்ளியின் மீது விழும் வெயில் நம்மீது விழுவதைப் போல 1.9 மடங்கு. ஆனால் வெள்ளியை முழுவதுமாகப் போர்த்தியிருக்கும் மேகங்கள் அதில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பூமி திருப்பி அனுப்புவது முப்பது விழுக்காடு மட்டுமே. கூட்டிக் கழித்துப் பார்த்தால், இன்று வெள்ளி ஈர்த்துக்கொள்ளும் சூரிய ஆற்றல் பூமி ஈர்த்துக்கொள்வதைவிடக் குறைவு. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாகவும், வெள்ளியின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழாகவும் இருக்கும். பூமியின் காற்று நம்மை மைனஸ் 18-லிருந்து 15 டிகிரிக்கு உயர்த்துகிறது. வெள்ளியின் காற்றோ அக்கோளை ஐந்நூறு டிகிரி உயர்த்திவிட்டது. சூரியனுக்கு இன்னும் அருகிலுள்ள புதனைவிட வெள்ளி சூடாக இருப்பதும் இதனால்தான்.

அந்தக் காற்றில் 96.5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. எஞ்சியது பெரும்பாலும் நைட்ரஜன். விழுக்காட்டில் அது 3.5 மட்டுமே என்றாலும் மொத்த அளவில் பூமியின் நைட்ரஜனைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. விழுக்காட்டை மட்டும் வைத்து இரு கோள்களை ஒப்பிடுபவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள். நம் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அப்படியானால் பூமி பிறக்கும்போதே கார்பன் குறைவாகக் கிடைத்த கோளா என்றால், இல்லை. இங்கும் ஏறத்தாழ அதே அளவு கார்பன் இருக்கிறது, ஆனால் பாறைக்குள் இருக்கிறது. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த பொருள்களே இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகின்றன. தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சூளையில் சுட்டால் 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். உலகெங்கும் இவ்வாறு பாறையாகப் படிந்திருக்கும் கார்பன் அனைத்தையும் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டால், நம் வளிமண்டலத்தின் அழுத்தம் இன்றுள்ளதைப் போலப் பல பத்து மடங்காகிவிடும். அதாவது பூமி வெள்ளியின் நிலைக்கு வந்துவிடும்.

கார்பனைப் பாறைக்குள் பூட்டிய வேலையைச் செய்தது நீர். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறைகளை அரிக்கிறது. அரிக்கப்பட்ட கால்சியத்தை ஆறுகள் கடலுக்குக் கொண்டுசெல்கின்றன. அங்கே அது சிப்பி, பவளம், நுண்ணுயிர் ஆகியவற்றின் ஓடாகவும் வெறும் படிவாகவும் அடியில் சேர்கிறது. பிறகு நிலத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று அமிழும்போது ஒரு பகுதி உள்ளே போய் எரிமலை வழியாகத் திரும்பக் காற்றுக்கு வருகிறது. இச்சுழற்சியில் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஓர் ஏற்பாடும் உண்டு என்பதை 1981-இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் ஆகிய மூவர் எடுத்துக்காட்டினார்கள். பூமி சூடானால் மழையும் அரிப்பும் கூடிக் கார்பன் டை ஆக்சைடு குறையும். பூமி குளிர்ந்தால் அரிப்பு தளர்ந்து, எரிமலைகள் விடும் வாயு காற்றில் சேரும். இது பல லட்சம் ஆண்டுகளில் நடக்கும் மெதுவான வேலை. வெள்ளியில் எரிமலைகளுக்குக் குறைவில்லை. மகெல்லன் கலம் 1991-இல் எட்டு மாத இடைவெளியில் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்டு, மாட் மான்ஸ் என்ற எரிமலையருகே ஒரு துளையின் வடிவம் மாறியிருப்பதை 2023-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாயுவை வெளியேற்றும் பக்கம் அங்கேயும் உண்டு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நீர்தான் இல்லை.

கேள்வி: அப்படியானால் வெள்ளியில் எப்போதாவது கடல் இருந்ததா? இருந்தால் அது எங்கே போயிற்று? (ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: ஏராளமான நீர் இருந்தது என்பதற்கு வலுவான தடயம் உண்டு. அது கடலாகத் தேங்கியிருந்ததா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

தடயம் கிடைத்த விதமே சுவையானது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் பயனியர் வீனஸ் திட்டத்தின் பெரிய ஆய்வுக்கலம் மேகங்களின் ஊடே இறங்கியபோது, வாயுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியின் நுழைவாயிலைக் கந்தக அமிலத் துளி ஒன்று அடைத்துவிட்டது. பழுது என்று தோன்றிய அந்த அடைப்பே பயனாயிற்று, ஏனெனில் அத்துளியிலிருந்து வந்த நீராவியில் கனமான ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தின் பங்கைத் தெளிவாக அளக்க முடிந்தது. அப்பங்கு பூமியின் நீரில் உள்ளதைப் போல நூறு மடங்குக்கும் மேல். சூரியனின் புறஊதாக் கதிர் நீராவியை உயரத்தில் பிளக்கும்போது லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் அவ்வளவு எளிதில் தப்புவதில்லை. ஆகவே பின்தங்கிய டியூட்டீரியத்தின் மிகுதியைக் கொண்டு போன நீரைக் கணக்கிடலாம். இன்று வெள்ளியின் காற்றிலுள்ள நீர் முழுவதையும் தரையில் பரப்பினால் சில சென்டிமீட்டர் உயரம்தான் வரும். பூமியின் கடல்நீரை அவ்வாறு சீராகப் பரப்பினால் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் நிற்கும்.

பூமியில் இந்தத் திருட்டு நடக்காமல் தடுப்பது காற்றின் ஒரு குளிர்ந்த அடுக்கு. பத்து முதல் பதினேழு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போவதால், மேலேறும் நீராவி அங்கே உறைந்து, பெரும்பாலும் பனியாகவும் மழையாகவும் திரும்பிவிடுகிறது. புறஊதாக் கதிர் கடுமையாக உள்ள உயரத்தை மிகச் சிறிதளவே எட்டுகிறது. கோள் ஓர் எல்லைக்கு மேல் சூடாகிவிட்டால் இந்தத் தடை பயன்படாது. கடல் ஆவியாகும், ஆவி வெப்பத்தைப் பிடிக்கும், அவ்வெப்பம் மேலும் கடலை ஆவியாக்கும். சூரியனின் அருகாமை உண்மையில் வேலை செய்தது இந்தத் தொடக்கக் கட்டத்தில்தான்.

நாசாவின் காடர்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் வேயும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் செய்த கணிப்பொறிக் கணக்கின்படி, வெள்ளி மிக மெதுவாகச் சுழல்வதால் பகற்பக்கம் முழுவதும் அடர்ந்த மேகம் திரண்டு வெயிலைத் தடுத்திருக்கும். கடலும் மிதமான தட்பவெப்பமும் இருநூறு கோடி ஆண்டுகள்கூட நீடித்திருக்க முடியும். 2021-இல் மார்ட்டின் டர்பே குழுவினர் இதற்கு மாறான முடிவை வெளியிட்டார்கள். உருகிய பாறையாகத் தொடங்கிய கோளில் நீராவி குளிர்ந்து மழையாக ஒருபோதும் இறங்கவேயில்லை, ஏனெனில் மேகங்கள் பெரும்பாலும் இரவுப்பக்கத்தில் திரண்டு, வெயிலைத் தடுப்பதற்குப் பதிலாக வெப்பத்தை உள்ளே அடைத்துவைத்தன என்பது அவர்கள் வாதம். முதற்கணக்கு கடல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. இரண்டாவது, அக்கடல் எப்படி உண்டாகும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அந்த அளவில் எனக்கு இரண்டாவதே கூடுதல் நேர்மையான கணக்காகப் படுகிறது. ஆனால் தீர்ப்பு சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் இல்லை.

கேள்வி: பூமியைக் காப்பது அதன் காந்தப்புலம் என்கிறார்கள். வெள்ளிக்குக் காந்தப்புலம் இல்லாததே உயிர் இல்லாததற்குக் காரணம் எனலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அப்படிச் சொல்வது மிகை. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை என்பது உண்மை. ஆனால் காந்தப்புலம் இல்லாததால் காற்று முழுவதும் பறிபோகும் என்றால், நம்முடையதைவிட 92 மடங்கு அழுத்தமுள்ள காற்று அங்கே எப்படி எஞ்சியிருக்கும்? சூரியனிலிருந்து வரும் மின்துகள் ஓட்டத்தை வெள்ளியின் மேலடுக்குக் காற்றே ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. செவ்வாயைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு, ஏனெனில் அது நிறையில் பூமியின் பத்தில் ஒரு பங்கே கொண்ட சிறிய கோள். காற்றைப் பிடித்துவைக்கும் ஈர்ப்பும் குறைவு.

கேள்வி: வெள்ளியில் இரவு மிக நீண்டது என்கிறார்கள். இரவில் தரை குளிர்ந்து, உயிர்கள் அப்போதாவது பிழைத்திருக்க முடியாதா? (பள்ளி மாணவர், புதுக்கோட்டை)

பதில்: முடியாது. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாள்கள் ஆகின்றன, அதுவும் எதிர்த்திசையில். அதனால் அங்கே ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையே சுமார் 117 நாள்கள் கழிகின்றன. இரவு மட்டும் ஏறத்தாழ 58 நாள்கள். ஆனாலும் தரையின் வெப்பநிலை இரவிலும் துருவத்திலும் பெரிதாக மாறுவதில்லை. அடர்ந்த காற்றுக்கடல் முழுவதும் வெப்பத்தைச் சேமித்துச் சீராகப் பகிர்ந்துவிடுகிறது. பூமியின் பாலைவனத்தில் ஒரே இரவில் காணும் வெப்ப வேறுபாட்டைக்கூட அங்கே காண முடியாது. அங்கே சற்றுக் குளிர்ச்சி வேண்டுமென்றால் காத்திருந்து பயனில்லை. மேலே ஏற வேண்டும்.

கேள்வி: தரையில் இல்லாவிட்டாலும் மேகங்களில் உயிர் இருக்கக்கூடும் என்றும், 2020-இல் அதற்குச் சான்று கிடைத்தது என்றும் படித்தேன். உண்மையா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கருத்து பழையது. 1967-இலேயே ஹெரால்ட் மொரோவிட்ஸும் கார்ல் சேகனும் இதை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. வெள்ளியின் தரையிலிருந்து 50 முதல் 55 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுமார் 75 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. அழுத்தமும் நம் தரையில் உள்ளதற்கு நெருங்கி வருகிறது. சூரியக் குடும்பத்தில் பூமிக்கு வெளியே நமக்கு மிகவும் பழக்கமான வெப்பமும் அழுத்தமும் ஒருசேர அமைந்த இடம் அதுதான். 1985 ஜூனில் சோவியத் நாட்டின் வேகா கலங்கள் விட்டுச்சென்ற இரண்டு பலூன்கள் அந்த உயரத்தில் ஏறத்தாழ இரண்டு நாள் மிதந்து தகவல் அனுப்பின.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த மேகங்களின் துளிகள் நீர்த்துளிகள் அல்ல. முக்கால் பங்குக்கும் மேல் கந்தக அமிலம். பூமியிலும் அமில ஊற்றுகளில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றனவே என்று கேட்கலாம். வாழ்கின்றன, ஆனால் அவ்வூற்றுகளில் பெரும்பகுதி நீர். அமிலம் அதில் கரைந்திருக்கிறது. வெள்ளியில் அமிலமே பெரும்பகுதி, சிறிதளவு இருக்கும் நீரையும் அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஓர் உயிரணுவுக்குக் கிடைக்கக்கூடிய நீரை 0 முதல் 1 வரையிலான அளவுகோலில் குறிப்பார்கள். பூமியில் அறியப்பட்ட உயிர்கள் 0.58 அளவுக்குக் கீழே செயல்பட்டதில்லை. ஜான் ஹால்ஸ்வொர்த் குழுவினர் 2021-இல் வெள்ளியின் மேகங்களுக்குக் கணக்கிட்ட மதிப்பு 0.004-ஐத் தாண்டவில்லை. அமிலத்துக்குப் பழகிய உயிர் என்று சொல்லி இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

2020 செப்டம்பரில் ஜேன் கிரீவ்ஸ் தலைமையிலான குழு, வெள்ளியின் மேகப்பகுதியில் பாஸ்பீன் வாயுவின் அடையாளத்தைக் கண்டதாக அறிவித்தது. பூமியில் இவ்வாயு ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்களோடும் தொழிற்சாலைகளோடும் தொடர்புடையது என்பதால் செய்தித்தாள்கள் உயிரே கிடைத்துவிட்டதுபோல எழுதின. குழுவினர் உயிர் கிடைத்ததாகச் சொல்லவில்லை என்பதை அவர்களுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும். பின்னர் தொலைநோக்கித் தரவைத் திருத்திக் கணக்கிட்டபோது அவர்கள் சொன்ன அளவு கணிசமாகக் குறைந்தது. அந்த அடையாளம் கந்தக டை ஆக்சைடுடையதே என்று வேறு சிலர் வாதிட்டார்கள். விமானத்தில் பொருத்தப்பட்ட சோபியா தொலைநோக்கி தேடியபோது பாஸ்பீன் தென்படவில்லை. விவாதம் முடியவில்லை என்றாலும், இதைச் சான்று என்று அழைப்பது பொருந்தாது.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போனால் பூமியும் ஒருநாள் வெள்ளியாகிவிடுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நாம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் அந்த நிலை வராது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இயோசீன் காலத்தின் தொடக்கத்தில் அது இன்றைய அளவைப் போல இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. துருவங்களில் பனிப்பாளங்கள் இல்லை, ஆனால் கடல் கொதித்துப் போகவில்லை. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவு இரு மடங்கானால் சராசரி வெப்பநிலை இரண்டரை முதல் நான்கு டிகிரி உயரக்கூடும் என்பது பன்னாட்டு அறிவியல் குழுவின் மதிப்பீடு. நெல் விளைச்சலையும் கடற்கரை ஊர்களையும் குலைக்க அதுவே போதும். அதற்கு வெள்ளியை அச்சுறுத்தலாகக் காட்டத் தேவையில்லை.

வெள்ளியின் நிலை பூமிக்கு வரும் வழி வேறு. சூரியன் பிறந்தபோது இன்றைய ஒளியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடே கொண்டிருந்தது. நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு வீதம் பிரகாசம் கூடிவருகிறது. இன்னும் நூறு கோடி ஆண்டு அளவில் நம் காற்றின் குளிர்ந்த அடுக்கு நீராவியைத் தடுக்க முடியாத நிலை உண்டாகிப் பூமியின் கடல்நீரும் மெல்ல வெளியேறத் தொடங்கலாம்.

கேள்வி: இந்தியா வெள்ளிக்குக் கலம் அனுப்பப்போகிறதாமே, அது அங்கே உயிரைத் தேடுமா? (வாசகர், மதுரை)

பதில்: 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு 1,236 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது, 2028 மார்ச்சில் ஏவுவதாகத் திட்டம். அது தரையில் இறங்காமல் கோளைச் சுற்றிவரும் கலம். மேகத்தை ஊடுருவும் ரேடாரால் தரையையும், பிற கருவிகளால் வளிமண்டலத்தையும், சூரியனால் அதில் உண்டாகும் மாற்றங்களையும் ஆராயும். உயிரைத் தேடுவது அதன் பணி அல்ல. வெள்ளியில் கடல் இருந்ததா என்ற மேற்கண்ட வழக்கைத் தீர்க்க, காற்றுக்குள்ளேயே இறங்கி, தரைவரை ஒவ்வோர் உயரத்திலும் டியூட்டீரியத்தின் பங்கையும், வேதிவினையில் ஈடுபடாத செனான், ஆர்கான் போன்ற வாயுக்களின் அளவையும் நேரடியாக அளக்க வேண்டும். நாசா திட்டமிட்டுள்ள டாவின்சி ஆய்வுக்கலத்தின் முதன்மை நோக்கங்களில் அதுவும் ஒன்று.